புழுதிக்கு உப்பா, தண்ணீரா, கிராவலா: ஒரு மண் சாலையின் கணக்கு

மேலூருக்கு அப்பால் திருச்சி நான்குவழிச் சாலையிலிருந்து பிரிந்து எங்கள் ஊருக்கு வரும் மண் சாலையின் நீளம் 3 கிலோமீட்டர், அகலம் 4 மீட்டர். கிரஷருக்குப் போய்வரும் டிப்பர் லாரிகள் அதில் ஓடத் தொடங்கிய பிறகு, மாசி மாதம் பிறந்தாலே சாலையோரப் புளியமரங்களின் பச்சை மறைந்து இலைகளெல்லாம் செம்மண் நிறமாகிவிடுகின்றன. ஒரு டிப்பர் கடந்து போனபின் எழும் புழுதி அடங்கும்வரை பள்ளிப் பிள்ளைகள் துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையை விட்டு இறங்கி வயலோரத்தில் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பாறை குவார்ட்சு நிறைந்த பாறை. அதன் நுண்தூசி நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் படிந்தால் சிலிகோசிஸ் என்னும் தீராத நோய் வரும் என்பது கல்லுடைக்கும் தொழிலாளர் வாழ்க்கையில் கண்டறியப்பட்ட உண்மை. ஆகவே புழுதியை அடக்கியே ஆக வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. எதனால் அடக்குவது என்பதில்தான் இருக்கிறது. மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் இதற்கு முடிவெடுக்க இருக்கிறோம். அதற்கு முன் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கிரஷர் தரப்பிலிருந்து வந்திருக்கும் யோசனை இது: தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைந்து வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை லாரியில் கொண்டுவந்து சாலையில் தெளித்துவிடலாம், செலவு அவர்களுடையது. கேட்ட மாத்திரத்தில் இது நல்ல யோசனையாகவே படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. உப்பு புழுதியை அடக்குமா என்று கேட்டால், அடக்கும். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

எப்படி அடக்குகிறது என்பதற்கு நம் அடுக்களையே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் கல் உப்புப் பானையின் அடியில் நீர் கசிந்து நிற்பதும், அதே பானை சித்திரையில் காய்ந்து கட்டிதட்டிக் கிடப்பதும் எல்லோரும் பார்ப்பதுதான். நாம் சமைக்கும் உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத கல் உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். கடல்நீர் வற்றி 25 போமே (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) எட்டும்போது சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 போமே வந்ததும் உப்பளக்காரர்கள் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். அந்த நீரில் மெக்னீசியம் உப்புகள்தான் செறிந்து நிற்கின்றன. மதுரைப் பக்கம் பங்குனி, சித்திரையின் பிற்பகல்களில் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கிவிடும்; ஆகையால் சமையல் உப்பைச் சாலையில் தூவுவது இங்கே வீண் வேலை, ஆனால் கசப்பு நீர் அந்த வெயிலிலும் பெரும்பாலான நேரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, தூத்துக்குடி போய்வந்த நண்பரிடம் ஒரு பாட்டில் கசப்பு நீர் வாங்கிவரச் சொன்னேன். இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் சாலை மண்ணைச் சலித்துப் பரப்பி, ஒன்றில் வெறும் தண்ணீரையும் மற்றொன்றில் அதே அளவு கசப்பு நீரையும் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தேன். தண்ணீர் ஊற்றிய மண் அன்று மதியமே வெளிறி, விரலால் தொட்டால் பறந்தது. கசப்பு நீர் ஊற்றிய மண் ஒன்பதாம் நாள் பிற்பகலிலும் கருஞ்சிவப்பாக, அழுத்தினால் விரல்ரேகை பதியும் அளவுக்கு ஈரமாக இருந்தது. காலையில் பார்த்தால் இரவுக் காற்றைக் குடித்து மேலும் கருத்திருந்தது. அந்தத் தட்டைப் பார்த்த எவருக்கும் இந்த யோசனையின் மேல் ஆசை வரும்.

ஆனால் சாலைக்கு உப்பிடுவதில் நம்மைவிட மிக நீண்ட அனுபவம் உள்ளவர்கள் பனி பெய்யும் நாட்டினர். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் குளிர்காலச் சாலைகளில் உறையும் பனியைக் கரைக்க உப்புத் தூவுகிறார்கள். உப்புநீர் வெறும் நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். உரிய செறிவில் கழித்தல் 21 டிகிரி செல்சியஸ் வரைகூட உறையாது, சாலைப் பயன்பாட்டில் கழித்தல் 9 டிகிரி வாக்கில் அதன் வேகம் தளர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வழக்கம் வேகமாகப் பரவி, இன்று அமெரிக்கா மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உப்பைச் சாலைகளில் கொட்டுகிறது. அதன் பலன் சிறியதன்று: வழுக்கும் சாலையில் வண்டிகள் மோதிச் சாகும் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன, ஆம்புலன்ஸ் போக முடிகிறது, பள்ளியும் சந்தையும் நடக்கின்றன. அந்த நாட்டில் உப்பே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தப் பலனுக்கு அவர்கள் கொடுத்துவரும் விலையைத்தான் நாம் நின்று படிக்க வேண்டும். வண்டிகளின் அடித்தட்டு துருப்பிடித்து உதிர்கிறது. பாலங்களின் காங்கிரீட்டுக்குள் குளோரைடு இறங்கி உள்ளிருக்கும் கம்பியை அரிக்கிறது. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு, 1914-இல் திறக்கப்பட்டு, துருவோடு போராடியே வாழ்ந்து, 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்ட பழைய பாம்பன் பாலம் நமக்கே தெரிந்த உதாரணம். கனடாவில் மூஸ் என்னும் பெரிய மான்கள் உப்பை நக்கச் சாலையோரத்துக்கு வந்து வண்டிகளில் அடிபடுகின்றன. இவை எல்லாவற்றையும்விடக் கனமானது தண்ணீரில் நடப்பது. குளோரைடு மட்காது; மண்ணில் ஒட்டி நிற்காது; செடி அதை எடுத்துத் தீர்த்துவிடாது; நீர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். குளிர்காலத்தில் தூவியது நிலத்தடி நீரில் தங்கி, உப்பே தூவாத கோடையிலும் ஓடைகளில் தலைகாட்டுகிறது. கனடா அரசு 2001-இல் சாலை உப்புகளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடானவை என்று மதிப்பிட்டு, 2004-இல் அவற்றைக் கையாள்வதற்கான நடைமுறைத் தொகுப்பை வெளியிட்டது. அப்போதும் உப்பு நிறுத்தப்படவில்லை. அளவைக் குறைப்பது, முன்கூட்டியே உப்புக்கரைசலாகத் தெளிப்பது, குடிநீர்க் கிணறுகளை ஒட்டிய பகுதிகளில் கவனமாக இருப்பது என்றுதான் போனார்கள். ஏனென்றால் அங்கே உப்புக்கு மாற்று எளிதில் இல்லை. நமக்கு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இப்போது நம் சாலையின் கணக்கு. சாலைப் பரப்பு 12,000 சதுர மீட்டர். புழுதி அடங்கச் சதுர மீட்டருக்கு 2 லிட்டர் கசப்பு நீராவது வேண்டும். மொத்தம் 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி 2 நடை. தூத்துக்குடி இங்கிருந்து போகவர 350 கிலோமீட்டருக்குக் குறையாது, ஒரு நடைக்கு டீசலே 100 லிட்டருக்கு அருகில் வரும். அந்தச் செலவை ஏற்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். கசப்பு நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 300 கிராமுக்குக் குறையாமல் உப்புகள் கரைந்திருக்கின்றன. எனவே ஒரு லாரியில் வருவது 3.6 டன் உப்பு, அதில் பாதி என்று குறைத்தே வைத்தாலும் 1.8 டன் குளோரைடு. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 8 கிராம் சமையல் உப்பைக் கலந்தாலே, நாம் வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் அந்த 250-ஐத் தொட்டுவிடும். ஒரு லாரிக் கசப்பு நீரை அந்த அளவுக்குள் கொண்டுவர 72 லட்சம் லிட்டர் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். நம் ஊருணி 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். கரை தொட்டு நின்றாலும் அதன் கொள்ளளவு 60 லட்சம் லிட்டர்தான்.

இறக்கிய உப்பு முழுவதும் ஒரே நாளில் ஊருணிக்கு வந்து சேராது என்பது உண்மை. கொஞ்சம் வயலுக்குப் போகும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். எங்கே எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ள, கண்மாய் மடைகளைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சியோடு சாலை முழுவதும் நடந்தேன். "பிள்ளையார் கோயில் வளைவு வரைக்கும் விழுகிற மழை மேற்கே தரிசுல போயிரும் தம்பி, அதுக்கு இங்கிட்டு விழுகிறது பூராவும் நம்ம வரத்துக்கால்தான்" என்று அவர் நின்று காட்டினார். வளைவு இருப்பது 800-ஆவது மீட்டரில். மிச்சம் 2,200 மீட்டர், ஏறக்குறைய முக்கால் பங்குச் சாலை, கண்மாயின் வரத்துக்காலை ஒட்டியே வருகிறது. சித்திரையில் தெளித்தது கோடை மழையில் கொஞ்சமும், ஐப்பசி அடைமழையில் மிச்சமும் கழுவிக்கொண்டு கண்மாய்க்குத்தான் போகும்.

பனி நாட்டு ஏரிக்கும் நம் கண்மாய்க்கும் இந்த இடத்தில்தான் பெரிய வேறுபாடு. அங்கே பெரும்பாலான ஏரிகளில் ஒருபுறம் நீர் வந்து மறுபுறம் ஆறாக வெளியேறிக்கொண்டிருக்கும். உப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போய்விடும். நம் கண்மாய் கலுங்கு தாண்டி மறுகால் பாய்வது நல்ல மழை பெய்த ஆண்டில் மட்டுமே. மற்ற ஆண்டுகளில் வந்த நீர் பாசனத்துக்கும் வெயிலுக்கும் போய் வற்றுகிறது; வெயில் எடுத்துக்கொள்வது நீரை மட்டும்தான். கண்மாய் பாதியாக வற்றும்போது அதிலுள்ள உப்பின் செறிவு இரட்டிப்பாகும். மடை வழியே போன உப்பு வயலில் தங்கும்; நெல் ஓரளவுக்கு மேல் உவர்ப்பைத் தாங்காத பயிர், உவர் ஏற ஏற விளைச்சல் படிப்படியாக இறங்கும். தரைக்கடியிலும் நம் நிலைமை பலவீனமானது: இங்கே இருப்பது கடினப் பாறை; நீர் நிற்பது மேலடுக்கு உதிர்பாறையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே. இருப்பு குறைவாக உள்ள நீரில் சேரும் உப்பு விரைவில் தெரிந்துவிடும், எளிதில் போகாது. ஆடு மாடுகள் உப்பை நக்கும் பழக்கம் உள்ளவை என்பதையும், மெக்னீசியம் உப்பு அதிகமாகப் போனால் கால்நடைக்குக் கழிச்சல் வரும் என்பதையும் மேய்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் தண்ணீரே தெளித்துவிடலாம், அதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் ஊரில் அதிகம். சில நாள் முன்புவரை நானும் அவர்களில் ஒருவன். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தெளித்தால் அது ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் நிற்கும்; சித்திரை நண்பகலில் ஓரிரண்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். ஆகவே நாளொன்றுக்கு 3 முறையாவது தெளிக்க வேண்டும்: 36,000 லிட்டர். கிராமக் குடிநீருக்கு அரசின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அந்தக் கணக்கில் 650 பேரின் ஒருநாள் தண்ணீரை நாம் தினமும் புழுதியில் ஊற்றுவோம். கோடையின் 100 நாளில் அது 36 லட்சம் லிட்டர், ஊருணியில் பாதிக்கு மேல்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கணக்குப் போட்டபோது நானே திகைத்துப்போனேன். லாரிக்குத் தண்ணீர் பிடிக்கப்போவது சாலையோர ஆழ்குழாய்க் கிணற்றில். அதன் நீரில் கரைந்த உப்புகளின் அளவு, கையடக்க மீட்டரை வைத்துப் பார்த்ததில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம். 36 லட்சம் லிட்டரோடு பெருக்கினால் 5.4 டன் உப்பு. உப்பு வேண்டாம் என்று தண்ணீரைத் தேர்ந்தெடுத்து, 2 லாரிக் கசப்பு நீரில் வரும் 7.2 டன்னில் முக்கால் பங்கை நாமே சாலையில் பரப்பியிருப்போம். அது வெளியூரிலிருந்து வந்த உப்பில்லை, நம் ஆழத்தில் இருந்ததுதான் என்பது சரி. ஆனாலும் பாறைக்கடியில் கிடந்ததை மேலே இழுத்துக் கண்மாய் வரத்தில் வைக்கும் வேலையைத்தான் அந்தக் குழாய் செய்யும். வெறும் தண்ணீர் என்று நாம் சொல்லிக்கொள்வது நம் ஊரில் வெறும் தண்ணீர் இல்லை.

தார்ச்சாலையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதுவே சிறந்தது. ஆனால் கிலோமீட்டருக்குப் பல பத்து லட்சம் ரூபாய் பிடிக்கும் வேலை அது. சிற்றூர்ச் சாலைக்குப் போடும் மெல்லிய தார்த் தளம் பாரம் ஏற்றிய டிப்பர்களுக்கு நெடுநாள் தாங்கவும் தாங்காது. மனுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். இந்தக் கோடைக்கு அது வழியில்லை.

எஞ்சியிருப்பது யாரும் பெரிதாகப் பேசாத வழி: இருக்கிற மண் சாலையை முறையாகக் கிராவல் சாலையாக்குவது. நம் சாலை ஏன் இவ்வளவு புழுதி கிளப்புகிறது என்று அதன் நடுவில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். மேட்டு வடிவம் போய், நடுவில் குழிந்து, வாய்க்கால்போல இருக்கிறது. மழைநீர் ஓரத்துக்கு வடியாமல் நடுவிலேயே நின்று, சரளையைப் பெயர்த்து, பிணைப்புக்கு இருந்த களியைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய மாவு மண்தான் பறக்கிறது. நல்ல கிராவல் என்பது கல், மணல், களி மூன்றும் அளவோடு கலந்தது. களி குறைந்தால் சாலை நெளிநெளியாகி உதிரும். கூடினால் மழையில் வழுக்கும். ஒரு கைப்பிடியை நனைத்துப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினால் பென்சில் கனத்துக்குத் திரி வர வேண்டும், உலர்ந்தபின் நகத்தால் கீறினால் எளிதில் உதிரக் கூடாது. இவ்வளவு பார்த்து ஏற்றினாலே பாதி வேலை முடிந்தது. குவாரி மேட்டிலிருந்து கிடைத்ததைக் கொட்டிவிட்டுப் போவது கிராவல் போடுவது ஆகாது. சென்ற முறை அப்படித்தான் நடந்தது. ஆறே மாதத்தில் அது புழுதியாகிவிட்டது.

சாலை முழுவதற்கும் புதுக் கிராவல் வேண்டியதில்லை. மிக மோசமாக இருப்பது ஒரு கிலோமீட்டர். அதற்கு 10 சென்டிமீட்டர் கனத்தில் இறுக்கிப் போட 400 கன மீட்டர், நம் பேச்சில் ஏறத்தாழ 140 யூனிட். இறுகும்போது அமுங்குவதையும் சேர்த்தால் 180 யூனிட் இறக்க வேண்டியிருக்கும். மிச்ச 2 கிலோமீட்டரைக் கீறிக் கிளறி, நடுவை உயர்த்தி, ரோலர் விட்டால் போதும். புதிய கிராவலை இறுக்கத் தேவைப்படும் நீர் எடையில் நூற்றுக்கு 8 என்று வைத்தால் 64,000 லிட்டர். மூன்று வேளைத் தெளிப்பில் இரண்டு நாளுக்குள் செலவாகும் நீர் அது. பங்குனியில் கண்மாயில் இன்னும் மழைநீர் நிற்கிறது, அதன் உப்பு அளவு அதே மீட்டரில் லிட்டருக்கு 210 மில்லிகிராம்தான் காட்டுகிறது, அதிலிருந்தே எடுக்கலாம்.

கிராவலுக்கும் செலவு உண்டு. அதை எங்காவது தோண்டித்தான் எடுக்க வேண்டும். மலையடிவாரத்தைக் குடைந்து எடுத்துவந்தால் ஓரிடத்துக் காயத்தை இன்னோரிடத்துக்கு மாற்றியதாகத்தான் ஆகும். முறையான அனுமதியுள்ள இடத்திலிருந்து மட்டுமே வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை வழித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். புழுதி முழுவதும் நின்றுவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கசப்பு நீர் ஊற்றிய தட்டைப்போல இந்தச் சாலை இராது. ஆனால் வண்டியின் வேகம் பாதியானால் புழுதியும் பாதியாவது குறையும் என்பதால், ஊரெல்லைக்குள் டிப்பர்கள் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும், பாரத்தைத் தார்ப்பாயால் மூடி வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரோ ஒரு கிராம் உப்போ செலவில்லை.

வளைவுக்கு மேற்கே உள்ள 800 மீட்டருக்கு மட்டுமாவது கசப்பு நீரை அனுமதிக்கலாமே என்று எனக்கே ஒரு வாரம் சபலம் இருந்தது. அந்த நீர் கண்மாய்க்குப் போகாது. ஆனால் அந்தத் தரிசில்தான் ஊர் ஆடுகள் மேய்கின்றன, அங்கே இரண்டு பாசனக் கிணறுகளும் இருக்கின்றன. கிணறும் கண்மாயும் அருகில் இல்லாத, மழைநீர் விளைநிலத்துக்கு வடியாத சாலை உள்ள ஊர் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். நம் சாலை அப்படிப்பட்டதன்று.

ஆகவே கிராம சபையில் நான் வைக்கப்போகும் கோரிக்கை இதுதான். கசப்பு நீருக்காகச் செலவிடத் தயாராக இருக்கும் பணத்தைக் கிரஷர் தரப்பு கிராவலுக்கும் ரோலர் வாடகைக்கும் தரட்டும். போதாததை ஊராட்சி நிதியிலிருந்து போடுவோம். பங்குனி முடிவதற்குள் மோசமான ஒரு கிலோமீட்டரை முடித்துவிடுவோம். பள்ளியையும் வீடுகளையும் ஒட்டிய 600 மீட்டரில் மட்டும், பிள்ளைகள் போகும் காலையிலும் திரும்பும் மாலையிலும் தண்ணீர் தெளிப்போம். அதற்கு நாளொன்றுக்கு 4,800 லிட்டர், ஒரு டிராக்டர் டேங்கர் போதும், அதையும் கண்மாயில் நீர் இருக்கும்வரை அங்கிருந்தே எடுப்போம். வேலை முடிந்ததும் பில்லுக்குக் கையெழுத்துப் போடுமுன், சாலையின் குறுக்கே நடுமேட்டைத் தொட்டபடி ஒரு கயிற்றை மட்டமாக இழுத்துப் பிடித்து, இரண்டு ஓரத்திலும் 8 சென்டிமீட்டர் உயரக் கட்டையை அதனடியில் வைத்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு நான்கு சரிவு என்பதற்கு அந்தக் கட்டைதான் அளவு. 50 மீட்டருக்கு ஓரிடமாகப் பார்த்துவர ஒரு முற்பகல் ஆகும், கட்டையை நான் செய்து வைத்திருக்கிறேன்.